எடைக்கு எடை வெல்லம்

சாப்பாட்டுத் தட்டைப் படம் பிடித்து அனுப்பினால் அதில் எத்தனை கலோரி என்று சொல்லிவிடும் செயலி ஒன்றை, நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் போன மாதம் தொடங்கி வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, பேசவேண்டியவர்கள் பேசி முடித்ததும், ஆளுக்கு ஒரு கேசரி பாத், ஒரு வடை, காபி. பழைய ஆள் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். உணவுப் பிரிவில் இப்போது இருக்கும் இரண்டு பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "மேடம், இனிமே எங்களுக்கு வேலையே இருக்காது போல. நீங்கெல்லாம் எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க? கொஞ்சம் எழுதிக் கொடுங்க" என்றார்கள்.

அந்தக் கேசரி பாத்தை நாங்கள் எல்லோரும் நின்றபடி சாப்பிட்டோம். செயலியைச் செய்த கம்பெனிக்காரர் இரண்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒருவரும் படம் பிடிக்கவில்லை. உங்கள் வேலைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்று அந்தப் பெண்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் கேட்டுவிட்டார்களே என்று எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. பெங்களூர் ஒக்கலிபுரத்துக்காரி. ஹோம் சயின்ஸ் படித்தேன், ஆஸ்பத்திரிச் சமையலறையில் கரண்டியும் கையுமாகப் பயிற்சி எடுத்தேன், பிறகு டயட்டீஷியன் என்று பெயர்ப்பலகை மாட்டி ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் ஒல்லி கிடையாது. உள்ளே நுழையும் நோயாளி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். உடனே அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதிதான் என் தொழிலுக்குப் பெரிய மூலதனம்.

எங்கள் வேலையின் முதல் கேள்வி, "நேற்று காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள்?" என்பது. பெங்களூரில் எல்லோருக்கும் இதற்கு ஒரே பதில்தான். காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சாதம், இரவு இரண்டு சப்பாத்தி. இப்படிச் சாப்பிட்டால் இந்த ஊரில் எல்லோரும் கொடிக்கம்பம் போல இருக்கவேண்டும். சட்டைப் பொத்தான் தெறிக்க உட்கார்ந்திருக்கும் மனிதர் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பொய்யும் இருக்காது. அவர் பொய் சொல்லவும் இல்லை.

எனக்கு இது புரியச் சில வருடங்கள் ஆயின. இந்த ஊரில் தெருவுக்கு நான்கு தர்சினி, அதாவது டிபன் கடை, இருக்கிறது. நாற்காலி கிடையாது, மேசையோரம் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். உட்கார்ந்து இலைமுன்னால் சாப்பிட்டால்தான் நம் ஆட்களுக்கு அது சாப்பாடு. நின்றுகொண்டு தின்ற காரா பாத் உப்புமா, நண்பனோடு பாதியாகப் பிரித்துக் குடித்த காபிகள், பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் வாங்கிய பன், அலுவலகத்தில் யாருடைய பிறந்தநாளுக்கோ வெட்டிய கேக், இவை எதுவும் கணக்கில் வராது. அதற்குப் பிறகு நான் கேள்வியை மாற்றிவிட்டேன். "நேத்து எங்கெங்க நின்னீங்க?" என்று கேட்பேன். முதலில் முழிப்பார்கள். பிறகு ஒவ்வொரு நிறுத்தமாக வெளியே வரும். சிலர் சொல்லிக்கொண்டே வந்து தங்களுக்கே பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டதும் உண்டு.

எனக்கு மேலே இருந்தவர் கல்லீரல் டாக்டர் சிவண்ணா. கன்னடக்காரர், எங்களோடு பேசிப்பேசித் தமிழும் வரும். எல்லா டாக்டர்களும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டியிருப்பார்கள், இவர் பையில் தையல்காரரின் டேப் வைத்திருப்பார். நோயாளி கொண்டுவந்த ரிப்போர்ட் கட்டைத் தொடமாட்டார். "மொதல்ல எந்திரிங்க" என்பார். அவரே குனிந்து, தொப்புளுக்கு நேராக டேப்பைச் சுற்றி, வயிற்றை உள்ளே இழுக்காமல் மூச்சை விடும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கப் பார்ப்பவர்களிடம், "நான் ஊருக்குப் போகல, இங்கேதான் இருப்பேன்" என்று சொல்லி அப்படியே நிற்பார். எவ்வளவு பெரிய அதிகாரியும் கடைசியில் மூச்சு விட்டுத்தானே ஆகவேண்டும்.

அதன்பிறகுதான் ரிப்போர்ட். யூரிக் அமிலம் லைட்டா ஜாஸ்தி. எஸ்.ஜி.பி.டி. என்கிற கல்லீரல் நொதி லைட்டா ஜாஸ்தி. கொழுப்பு லைட்டா ஜாஸ்தி. சர்க்கரை ஓரத்தில் நிற்கிறது. இந்த 'லைட்டா' என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

"பிலோமினா, இதெல்லாம் தனித்தனி வியாதி இல்ல. ஒரே வீட்டுப் பசங்க. ஒருத்தன் ஜன்னலை ஒடைச்சா மத்தவங்களும் பக்கத்துலதான் நிக்கிறாங்கன்னு அர்த்தம். இவங்க என்ன பண்றாங்க? யூரிக் ஆசிட்டை எலும்பு டாக்டர்கிட்ட, சர்க்கரையை சர்க்கரை டாக்டர்கிட்ட, கொழுப்பை ஹார்ட் டாக்டர்கிட்ட அனுப்பறாங்க. வயித்தை மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்பார்.

இப்படிப்பட்ட மனிதரை ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தர்சினியில் மைசூர்பாகும் கையுமாகப் பார்த்துவிட்டேன். அவர் அசரவில்லை. "நின்னுக்கிட்டுதானே சாப்பிடறேன்" என்றார்.

இந்த வேலையில் நான் பார்த்த நோயாளிகளில் என்னைத் தூங்கவிடாமல் அடித்தவர்கள் மல்லேஸ்வரத்துப் பாத்திரக்கடைக் குடும்பம். தண்டபாணி என்பவர் கடை முதலாளி. பித்தளை, செம்பு, எவர்சில்வர் எல்லாம் எடை போட்டு விற்கும் பழைய கடை. சைவம், வெற்றிலைகூடப் போடமாட்டார், கோவில் கமிட்டியில் இருப்பவர். அவருக்குக் கண் மஞ்சளாகி, கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கல்லீரல் சுருங்கி முண்டும் முடிச்சுமாக ஆகியிருந்தது.

சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். வாழைப்பழமும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, வராண்டாவில் போய் நின்றுகொண்டு, "ரகசியமா குடிச்சிருப்பாரோ?" என்று பேசிக்கொண்டார்கள். அவர் மனைவி அலமேலு, பாவம், இத்தனை வருடக் குடித்தனத்துக்குப் பிறகு பீரோவிலிருந்த அவர் சட்டைகளை எடுத்து மோந்து பார்த்தாராம். என்னிடம் வந்து, "மேடம், ஒரு சொட்டு கூட வாயில வெச்சதில்ல. நீங்களாவது அந்த வராண்டாவுல நிக்கறவங்ககிட்ட சொல்லுங்களேன்" என்று அழுதார். கணவன் பிழைப்பதும் வேண்டும், வராண்டா வாயும் மூடவேண்டும். இரண்டில் எது முதலில் என்று அந்த அம்மாளுக்கே தெரியவில்லை.

குடிக்காமலே கல்லீரல் கெடும் என்று டாக்டர் விளக்கினார். எத்தனையோ வருடமாக அவர் ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் லைட்டா, எஸ்.ஜி.பி.டி. லைட்டா என்று வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒருமுறை கால் கட்டைவிரல் வீங்கியபோது, யூரிக் அமிலத்துக்குப் பருப்பும் தக்காளியும் ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுச் சாம்பாரில் பருப்பு இல்லை, ரசத்தில் தக்காளி இல்லை. இப்படி உப்புச்சப்பில்லாமல் சாப்பிடுகிறாரே என்று மனைவிக்கு மனசு கேட்கவில்லை. அதற்கு ஈடுகட்ட தினமும் பாயசமோ, பாதாம் அல்வாவோ. கடைவாசலில் கரும்புச்சாறு வேறு. தக்காளியை விரட்டிவிட்டு, வியாதிக்குத் தீனி போட்டு வளர்த்திருக்கிறார்கள்.

இனி மாற்றுக் கல்லீரல் ஒன்றுதான் வழி. வீட்டில் ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கவேண்டும். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும். அலமேலுவின் ரத்த வகை பொருந்தவில்லை. பொருந்தியது ஒரே பிள்ளை கார்த்திக்குக்கு. சாஃப்ட்வேர் வேலை, நல்ல பையன், கேட்டதும் "நான் தர்றேன் டாக்டர்" என்று எழுந்து நின்றான். சிவண்ணா தன் டேப்பை எடுத்தார். டேப் சுற்றி வந்து சேர்வதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டது. ஸ்கேனில் பையனின் கல்லீரலும் கொழுத்துக் கிடந்தது. யூரிக் அமிலம் லைட்டா. எஸ்.ஜி.பி.டி. லைட்டா. அப்பாவின் பழைய ரிப்போர்ட்டை நகல் எடுத்தது போல இருந்தது.

"இந்தக் கல்லீரலை எடுத்து வெச்சா அப்பாவுக்கும் ஆகாது, உனக்கும் ஆபத்து" என்றார் டாக்டர். "நடக்கணும், இனிப்பை நிறுத்தணும், சாப்பாட்டைக் குறைக்கணும். பட்டினி கிடக்கக்கூடாது, மெதுவா எறங்கணும். பிலோமினா சொல்றபடி கேளு. ரெண்டு மாசத்துல கொழுப்பு எறங்கினா ஆபரேஷன் பண்ணலாம்."

அதற்கு மேல் அப்பாவால் தாக்குப்பிடிக்க முடியாது என்பதை அவன் வெளியே போனபிறகு என்னிடம் சொன்னார்.

நான் உணவுமுறை சொல்லிக்கொடுத்தேன். பருப்பையும் தக்காளியையும் வீட்டுக்குத் திரும்ப அழைத்து வந்தேன். வாராவாரம் கார்த்திக் வந்தான். எடை அசையவில்லை. எங்கெங்கே நின்றாய் என்று கேட்டேன். தர்சினிப் பக்கமே போவதில்லை என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் உண்மை போலத்தான் இருந்தது. ஒருவாரம் ஏறவும் செய்தது.

அடுத்த பரிசோதனைக்கு அவன் நொண்டிக்கொண்டு வந்தான். செருப்பில் கால் நுழையவில்லை. கட்டைவிரல் தக்காளி போலச் சிவந்து வீங்கியிருந்தது. ரத்தத்தில் யூரிக் அமிலம் எகிறியிருந்தது, கல்லீரல் நொதிகளும் முன்னைவிட அதிகம். நடந்தது இதுதான். எடை குறையவில்லையே என்று பயந்துபோய், பரிசோதனைக்கு முந்தைய சில நாள்கள் ஆபீஸில் வேலை என்று வீட்டுக்கே போகாமல் வெறும் தண்ணீரில் கிடந்து, ஜிம்மில் போய் கண்மண் தெரியாமல் பளு தூக்கியிருக்கிறான். நம் பிள்ளைகள் பரீட்சைக்கு முதல்நாள்தான் புத்தகம் திறப்பார்கள், அதே பழக்கம். பட்டினி கிடந்தால் உடம்பு தன் கொழுப்பை அவசரமாக எரிக்கிறது. அந்தக் கழிவை வெளியேற்றுவதிலேயே சிறுநீரகம் மும்முரமாகிவிட, யூரிக் அமிலம் ரத்தத்தில் தங்கிவிடுகிறது. பழக்கமில்லாத தசை பளு தூக்கிப் புண்ணானாலும் அதே நொதிகள்தான் ரத்தத்தில் ஏறும். பாஸ் ஆகவேண்டும் என்று செய்ததெல்லாம் அவனை ஃபெயில் ஆக்கிவிட்டது.

சிவண்ணா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "தேதியைத் தள்ளிப் போடறேன்" என்று மட்டும் சொன்னார். பையன் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "வீட்ல என்னதான் சாப்பிடறே, உண்மையைச் சொல்லு" என்று பிடித்துக்கொண்டேன். அவன் வாசல் பக்கம் பார்த்தான். வாசலில் அலமேலு அம்மாள் டிபன் கேரியரோடு நின்றிருந்தார்.

அவரை என் அறைக்குக் கூட்டிப்போய்க் கேரியரைத் திறந்தேன். நெய் மிதக்கும் பொங்கல், கீழ்த்தட்டில் அதிரசம்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் பிழைக்கணுமா வேண்டாமா?"

"பொழைக்கணும்னுதான் மேடம் போடறேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இவரை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கே வேண்டிக்கினேன். முருகா, இவரைப் பொழைக்க வை, என் புள்ளையத் தராசுல ஒக்கார வெச்சு எடைக்கு எடை வெல்லம் போடறேன்னு. அன்னிக்கு அவன் இருந்த இருப்புக்குத்தானே மேடம் சாமி ஒத்துக்கிச்சு? நீங்க இப்போ அவனைப் பாதியா ஆக்கிட்டா நான் போயி இன்னான்னு சொல்றது? இவரு எழுந்து வந்தப்புறம்தானே தராசுல ஏத்தணும்? சாமிக்கே எடை குறைக்கறதா? எங்க கடையில ஒரு சொம்பு கூட எடை குறைச்சு வித்ததில்ல மேடம். அவன் வேணாம்மா வேணாம்மான்னுதான் சொல்லுவான். நான்தான் அழுது அழுது ஊட்டறேன்."

கணவன் பிழைக்க மகன் இளைக்கவேண்டும். மகன் இளைத்தால் வேண்டுதல் குறையும், கணவன் பிழைக்கமாட்டார். இந்த முடிச்சை வைத்துக்கொண்டுதான் அந்த அம்மாள் இத்தனை நாள் அதிரசம் சுட்டிருக்கிறார். நான் சிரித்திருக்கவேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது என் அம்மா என் உயரத்துக்கு மாதாவுக்கு மெழுகுவர்த்தி வைப்பதாக நேர்ந்துகொண்டார். கையில் காசு சேர்வதற்குள் நான் மளமளவென்று வளர்ந்துவிட்டேன். "கொஞ்சம் வளராம இருக்கமாட்டியா?" என்று என் அம்மா திட்டியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

டாக்டரிடம் சொன்னேன். "சாமியை டயட்டுக்கு அனுப்ப என்னால ஆகாது. வீட்டுக்காரர்கிட்டயே கேளுங்க" என்றார்.

தண்டபாணி அப்போது பெரும்பாலும் மயக்கத்தில்தான் இருந்தார். அன்று நல்லவேளையாகத் தெளிவாக இருந்தார். நானும் அலமேலுவும் கட்டில் பக்கத்தில் நின்று விஷயத்தைச் சொன்னோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடி மயங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"அலமேலு, நாளைக்குப் பித்தளை விலை ஏறப்போவுதுன்னு பழைய வாடிக்கைக்காரர் ஓடி வந்தா கடையில இன்னா பண்ணுவோம்?" என்றார்.

"அன்னிக்கே எடை போட்டு பில் போட்டுடுவீங்க."

"சரக்கு?"

"அது அப்புறம் போவும்."

"அவ்ளோதான். கார்த்திக்கை இன்னிக்கே கடைக்கு இட்டுக்கினு போ. நம்ம தராசுல நிறுத்து. அந்த எடைக்கு வெல்லம் வாங்கி மூட்டை கட்டி, முருகன் பேரைச் சொல்லித் தைச்சு வெச்சிடு. பில் போட்டாச்சு. அப்புறம் அவன் ஈர்க்குச்சியா ஆனா இன்னா? சரக்கு ரெடியா இருக்குதில்ல?"

அலமேலு யோசித்தார். வியாபாரி வீட்டுப் பெண், நியாயம் உடனே பிடிபட்டது. எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது, அந்த மூட்டை வீட்டில் இருக்கக்கூடாது, கடையிலேயே இருக்கட்டும் என்றேன். தண்டபாணி சிரித்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அதன்பின் அந்த அம்மாளைக் கையில் பிடிக்க முடியவில்லை. பையனின் சாதத்தைக் கடைத் தராசில் நிறுத்துப் போட்டார். நான் சொன்ன அளவுக்கு மேல் ஒரு பருக்கை விழுந்தாலும் திரும்ப எடுத்தார். கார்த்திக் வந்து, "மேடம், நீங்களே பரவாயில்லை, அம்மாகிட்டேருந்து காப்பாத்துங்க" என்றான். கால் வீக்கம் வடிந்ததும் தினமும் சாங்கி ஏரியைச் சுற்றி நடந்தான். பின்னால் அம்மா, கண்காணிப்புக்கு. அவன் ஏதாவது தர்சினிப் பக்கம் திரும்பினால், "நிக்காதே, நட" என்று சத்தம் வருமாம்.

அப்பா இடையில் ஒருமுறை ரத்த வாந்தி எடுத்தார். அன்று நாங்கள் எல்லோரும் முடிந்தது என்றே நினைத்துவிட்டோம். கார்த்திக் அன்றைக்கும் நடக்கப் போனான். எனக்கு அது கல்நெஞ்சம் போலத் தோன்றியது. பிறகு தெரிந்தது, அவன் அழுதுகொண்டே நடந்திருக்கிறான்.

கடைசிப் பரிசோதனையில் யூரிக் அமிலம், நொதிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியிருந்தன. டாக்டர் சொன்ன அந்த ஒரே வீட்டுப் பசங்கள் எல்லோரும் ஒருவழியாக ஒழுங்குக்கு வந்துவிட்டார்கள். ஸ்கேனும் சரியாக இருந்தது. சிவண்ணா தன் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த நீளத்தை எங்கள் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். மறுவாரமே ஆபரேஷன். அப்பாவையும் மகனையும் ஒரே காலையில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தியதும் அலமேலு என் கையைப் பிடித்தார். "ரெண்டு பேரையும் உள்ள அனுப்பிட்டு நான் மட்டும் வெளிய நிக்கறேன் மேடம்" என்றார். நான் இரவுவரை கூடவே நின்றேன்.

இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

சில மாதங்கள் கழித்து மல்லேஸ்வரத்தில் ஒரு முருகன் கோவிலுக்கு என்னையும் டாக்டரையும் அழைத்தார்கள். சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு. ஒரு தட்டில் கடையிலிருந்து வந்த வெல்ல மூட்டைகள், தையல்கூடப் பிரிக்கவில்லை. இன்னொரு தட்டில் கார்த்திக் உட்கார்ந்தான். அவன் பக்கம் விருட்டென்று மேலே போய்விட்டது. பையன் ஆகாயத்தில், வெல்லம் தரையில்.

குருக்கள் சமாதானமாகச் சொன்னார். "அம்மா, இப்போ இருக்கற எடைக்குப் போட்டா போதும். கொஞ்சம் வெல்லத்தை எடுத்துடலாம்."

"பில் போட்ட சரக்குல கை வெக்கறதா?" என்றார் அலமேலு.

"அப்போ தம்பி பக்கத்துல ரெண்டு தேங்காக் குலை வையுங்கோ, சரியாயிடும்."

அலமேலு அதையும் கேட்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். தூண் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கணவர்மேல் அவர் பார்வை போய் நின்றது.

"ஏங்க, எந்திரிச்சு வாங்க. நீங்களும் ஏறுங்க."

"நானா? வேண்டுதல் புள்ளைக்குத்தானே?"

"புள்ளைக்குத்தான். அவன் ஈரல்ல பாதி உங்க வயித்துல இருக்குது. அதை வெளிய வெச்சுட்டு எடை போட்டா குறைச்ச எடைதானே?"

குருக்கள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். சிவண்ணா "கரெக்ட்" என்றார். தண்டபாணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மெதுவாக ஏறி மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டு தொப்பென்று கீழே இறங்கியது. எதிர்ப்பக்கம் வெல்லம் மேலே தொங்கியது. அலமேலு அதை நிமிர்ந்து பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணீர் கொட்டியது.

"வெல்லம் பத்தலை. யாராவது போயி இன்னொரு மூட்டை வாங்கிட்டு வாங்க" என்றார்.

ஆள் கடைக்கு ஓடினான். அவன் வரும்வரை அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் தோளில் பிடித்துக்கொண்டு, தட்டை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.